தேய்ந்த கட்டைவிரலும் இரண்டு ரீல்களும்

தங்கை வென்றவற்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பதின்மூன்று வயதில் மீன் டப்பாத் தொழிற்சாலையில், மூடி வெட்டும் இயந்திரத்தில் வலது கையை விட்டாள். கை போய்விட்டது என்றே எல்லோரும் முடிவு கட்டினார்கள். போகவில்லை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் குச்சிபோல விறைத்து நின்றுவிட்டன. துறைமுகத் தடுப்புச்சுவரில் நின்று மீன் பிடிக்க நாற்பது பேருக்குத்தான் அனுமதி அட்டை. அதில் முப்பத்தொன்பது பேர் ஆண்கள், மீதி ஒருத்தி அவள். எதிர்க்காற்றில் பத்து கிராம் பொய்மீனை, அதாவது இரைக்குப் பதிலாகக் கட்டும் பொம்மை மீனை, பெய்ட்காஸ்டர் என்ற தூண்டில் ரீலில் வீசவே முடியாது என்றார்கள். முப்பத்தைந்து மீட்டர் வீசிக் காட்டினாள். பதினான்கு கிலோ கொடுவா ஒன்றைப் பாறை இடுக்கில் நுழையவிடாமல் ஒற்றை ஆளாக இழுத்துக் கரையில் போட்டாள். கணவன் கடலோடு போன பிறகு இரண்டு மகள்களையும் படிக்கவைத்து வெளியூர் வேலைக்கு அனுப்பினாள். கடைசியாக, நாற்பத்தேழு வயதில், தன் பெயரை வென்றாள். அதை வென்றதில்தான் மற்றதெல்லாம் கைநழுவிப் போயிற்று.

அக்கா அவளைவிட மூன்று வயது மூத்தவள். வீட்டில் ஒருத்தியைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடியும் என்று ஆனபோது அக்கா போனாள். எட்டாம் வகுப்பு முடித்தாள். அந்தப் படிப்புக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. முப்பது வருடமாகப் போர்வை, தலையணை உறை, அறுவை அறைத் துணி என்று பிரித்து எண்ணி எழுதுகிறாள். ஓர் உறை குறைந்தாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. தெருவில் யாருக்கு என்ன விண்ணப்பம் என்றாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடமாட்டாள் என்று அவளுக்குப் பெயர்.

தங்கைக்கு முதல் ரீல் வாங்கப் போனபோதும் அக்காதான் கூடப் போனாள். துறைமுக வாசலில் இருந்த அந்தக் கடையில் ரீல்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தன. கடைக்காரர் ஸ்பின்னிங் ரீலை எடுத்து ஒரு தூண்டில் கம்பில் மாட்டிக் காட்டினார். அது கம்புக்குக் கீழே தொங்கும். நூலை ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு, மறு கையால் கம்பி வளையத்தைத் திறந்துவிட்டு, வீசும் நேரத்தில் விரலை நிமிர்த்தினால் நூல் தானே போகும். சிக்கு விழாது. காற்றுக்குப் பயப்படாது. இறகு கனமுள்ள பொய்மீனையும் தூக்கிக்கொண்டு போகும்.

"உப்புத் தண்ணிக்கு இதுதாம்மா. குழந்தைகூட வீசும்" என்றார்.

"குழந்தைக்கு விரல் மடங்கும்ணே" என்றாள் தங்கை.

கடைக்காரர் அவள் கையைப் பார்த்தார். பிறகு பெட்டியின் மூலையில் தூசு படிந்து கிடந்த பெய்ட்காஸ்டரை எடுத்து வைத்தார். அது கம்பின் மேல் ஏறி உட்காரும். நூல் சுற்றிய உருளையே வீச்சில் சுழலும். அதன்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவித் தடவி அடக்க வேண்டும். அரை நொடி அசந்தால் உருளை நூலை முந்திக்கொண்டு ஓடி, நூல் முழுக்கக் குருவிக்கூடாகிவிடும். மணலும் உப்பும் உள்ளே போனால் கரகரவென்று அழும். தினமும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடவேண்டும். ஆனால் பெரிய மீனைப் பாறையிலிருந்து திருப்பி இழுக்கிற பலம் இதற்குத்தான் உண்டு. பிடிக்க மோதிரவிரலும் சுண்டுவிரலும், அடக்கக் கட்டைவிரலும் போதும். விறைத்த இரண்டு விரலும் கம்போடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

"இது பிடிவாதக்காரங்க ரீலு. சொல்லிட்டேன்" என்றார் கடைக்காரர்.

"எங்க வீட்டுல அதுக்குப் பஞ்சமில்ல" என்றாள் அக்கா.

ஆறு மாதம் சுவரில் அவள் மீன் பிடித்ததைவிடச் சிக்கு எடுத்ததுதான் அதிகம். "கூட்டுல முட்டை இருக்கா பாரு", "குஞ்சு பொரிச்சா எனக்கு ஒண்ணு குடு" என்று ஆண்கள் சிரித்தார்கள். 'சிக்கு' என்றே பெயர் வைத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் ஊசி முனையால் ஒவ்வோர் இழையாக எடுப்பாள். ஏழாவது மாதத்தில் சிக்கு நின்றது. பெயர் மட்டும் நிற்கவில்லை. பிறகு அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஓட்டல்காரர்கள் மீன் கேட்டு வந்தார்கள். 2004-இல் சுவரில் நிற்க அட்டை கட்டாயமானபோது அவள் கையிலும் ஒன்று கிடைத்தது. விண்ணப்பத்தை அக்கா எழுதினாள். கீழே தங்கை வலது கட்டைவிரலை மையில் தோய்த்துப் பதித்தாள். அந்த விரலில் அன்று ரேகை இருந்தது. வட்டத்துக்குள் வட்டமாக, சுத்தமாக.

பதினைந்து வருடம் உப்பும் மணலும் ஏறிய பின்னல் நூல் அந்த விரலின்மேல் ஓடியது. ஒரு நாளைக்கு முந்நூறு வீச்சு. விரல் கூழாங்கல் மாதிரி ஆயிற்று. அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு. "காத்து திரும்புறது எனக்கு முதல்ல இங்கதான் தெரியும்" என்று விரலைத் தூக்கிக் காட்டுவாள்.

2019 ஜனவரி 21, திங்கட்கிழமை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்கிற வருடம். துறைமுக அலுவலகத்தில் மைப்பெட்டி போய்க் கைரேகை இயந்திரம் வந்திருந்தது. தங்கை விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடி சிவப்பு. குமாஸ்தா எழுந்து வந்து அவள் விரலை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கம்மா ரேகை?"

"இருந்துச்சு சார்."

"எங்க போச்சு?"

"கடலுக்கு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை, கெட்டவர் இல்லை. "பழைய அட்டையில பதிஞ்ச விரலோட ஒத்துப்போகணும். வேற விரலு செல்லாது. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள பதியலைன்னா அட்டை காத்திருக்கிறவங்க வரிசைக்குப் போயிடும். ரெண்டு மாசம் விரலுக்கு ஓய்வு குடுங்க, புதுத் தோல் வரும்."

"விரலு ஓய்வெடுத்தா வயிறு என்ன பண்ணும் சார்?"

"வேற ரீல் மாத்து சிக்கு" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். "குழந்தைகூட வீசும்."

அக்கா மறுநாளே அதே கடையில் ஸ்பின்னிங் ரீல் ஒன்று வாங்கி வந்தாள். வலது கை விரல் மடங்காது என்பதால் கம்பை இடது கையில் பிடித்து, நூலை இடது ஆள்காட்டி விரலில் மாட்டி வீசுவது என்று முடிவாயிற்று. நாற்பத்தேழு வயதில் இடது கையால் வீசக் கற்றுக்கொள்வது எப்படியிருக்கும் என்று அக்கா சுவரில் நின்று பார்த்தாள். ரீலில் குறை இல்லை. நூல் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் விரலை எப்போது விடுவது என்று இடது கைக்குத் தெரியவில்லை. சீக்கிரம் விட்டால் பொய்மீன் வானத்துக்குப் போயிற்று. தாமதமாக விட்டால் காலடியில் தண்ணீரை அறைந்தது. குறி வைத்த பாறை நிழல் ஒரு பக்கம், பொய்மீன் விழுந்தது ஒரு பக்கம். முதல் மூன்று வாரத்தில் நான்கு மீன். ஓட்டல்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஆளிடம் போனார்கள். பெய்ட்காஸ்டரைத் தங்கை துணியில் சுற்றி அலமாரிக்குமேல் வைத்துவிட்டாள். பார்த்தால் கட்டைவிரல் தானாக அசைகிறது என்றாள்.

பிப்ரவரி நடுவில் ஒரு மத்தியானம் அக்கா சோற்றுப் பாத்திரத்தோடு சுவருக்குப் போனாள். பின்னால் வந்து நின்றதைத் தங்கை கவனிக்கவில்லை. வீச்சுக்காகக் கம்பைப் பின்னால் கொண்டுபோனபோது இடது விரல் நூலை முன்னதாகவே விட்டுவிட்டது. பொய்மீன் பின்பக்கமாகப் பறந்து, அதன் மும்முனைத் தூண்டில் அக்காவின் முழங்கைக்குக் கீழே ஏறியது.

"ஐயோ, அசையாத! இழுக்காத!"

"நான் எங்கடி இழுக்கறேன், அதுதான் என்னை இழுக்குது!"

தங்கை அவளைப் பாறைமேல் உட்காரவைத்தாள். தூண்டிலின் எதிர்முள் சதைக்குள் இருந்தது. வந்த வழியே எடுக்க முடியாது. முனையை முன்னால் தள்ளித் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, முள்ளை வெட்டிவிட்டுத்தான் எடுக்கவேண்டும். பையிலிருந்து கம்பி வெட்டும் குறட்டை எடுத்தாள்.

"எண்ணு. உனக்குத்தான் எண்ணப் பிடிக்குமே."

அக்கா ஆஸ்பத்திரித் துணியை எண்ணுவதுபோல எண்ணினாள். பதினொன்றில் முள் வெட்டுப்பட்டது.

ரத்தத்தைத் துடைத்தபடி தங்கை சொன்னாள்: "மீனுக்குக்கூட நான் இவ்வளவு வலிக்க வெச்சதில்ல. எல்லாம் இந்த அட்டைக்காக. அது போயிடுச்சுன்னா நான் யாருன்னு எனக்கே தெரியாதுக்கா."

"போகாது. பேப்பர் வேலையெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"நீ இருக்கியேன்னுதான் நானும் இருக்கேன்."

அக்காவுக்குத் தூண்டில் ஏறியதைவிட அதுதான் வலித்தது. ஐந்து வருடத்துக்கு முன் செய்த ஒன்று அவளுக்கு நினைவு வந்தது. மறந்ததே இல்லை, வேண்டுமென்றே நினைக்காமல் இருந்தாள்.

2014-ஆம் ஆண்டு. தங்கையின் கணவன் வேலை செய்த படகு கவிழ்ந்து, மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. தங்கை சுவரைப் பார்த்தபடி படுத்தவள் எழவே இல்லை. அட்டை புதுப்பிக்கும் கெடு வந்தது. எழ முடியாதவர்களுக்கு மைப்பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய் விரல் பதித்து வரலாம் என்று வழி இருந்தது. அதைக் கேட்கத்தான் அக்கா விண்ணப்பத்தோடு போனாள். அவளுக்கு முன்னால் நின்ற கிழவரிடம் அப்போதிருந்த குமாஸ்தா, "கைநாட்டா? கைநாட்டெல்லாம் அந்தப் பக்கம் தள்ளி நில்லு" என்றார். ஆட்டை ஒதுக்குவது மாதிரிக் கையைக் காட்டினார். அக்கா விண்ணப்பத்தைப் பார்த்தாள். எல்லாக் கட்டமும் அழகாக நிரம்பியிருந்தது, கைநாட்டு வைக்கும் ஒன்றைத் தவிர. அங்கேயே மேசையில் வைத்துத் தங்கையின் பெயரை அவளே எழுதினாள். ஐந்து எழுத்து. கடைசி எழுத்தில் அவள் வழக்கமாகப் போடும் வால். யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, "முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னாள்.

பாறைமேல் உட்கார்ந்து அதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "சோறு ஆறிடும், சாப்பிடு" என்றுதான் வந்தது.

மார்ச் 11. புதுத் தோல் வந்திருந்தது, பிறந்த குழந்தையின் குதிகால்போல மெத்தென்று. அதில் ஒரு கோடு இல்லை. இயந்திரம் சிவந்தது. குமாஸ்தா வருத்தத்தோடு கோப்பைப் புரட்டியவர், சட்டென்று முகம் மலர்ந்தார்.

"அட, என்னம்மா நீங்க! கையெழுத்துப் போடறவங்களுக்கு விரலே வேண்டாம்னு விதி இருக்கே. 2014-ல போட்டிருக்கீங்க பாருங்க. முதல்லயே சொல்லக்கூடாதா? இதே மாதிரி இங்க ஒண்ணு போடுங்க. ஒத்துப்போச்சுன்னா இன்னிக்கே அட்டை."

கோப்பைத் திருப்பி வைத்தார். தங்கைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வாலைத் தெரியும். அக்கா வீட்டு நாட்காட்டியில், மாத்திரை டப்பாவில், சமையலறைச் சீட்டுகளில் பார்த்த வால். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அக்கா சுவரைப் பார்த்தாள்.

"இன்னிக்குக் கை சரியில்ல சார். அடுத்த வாரம் வந்து போடறேன்" என்றாள் தங்கை. அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பஸ் கண்ணில் பட்ட பிறகு, "அழகாத்தான் போட்டிருக்க" என்றாள் தங்கை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு தாளில் அதே கையெழுத்தை எழுதிக் கொடுத்தாள். பார்த்து எழுதிப் பழகினால் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றாள். வேறு வழி தெரியவில்லை அவளுக்கு. தங்கையும் உட்கார்ந்தாள். பேனாவைக் கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மூன்று நாள் எழுதினாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. வால் மட்டும் ஒருமுறைகூட வரவில்லை. நான்காம் நாள் காலையில் பேனாவை வைத்தாள்.

"அன்னிக்கு நீ மைப்பெட்டி எடுத்துட்டு வந்திருந்தா நான் விரலை நீட்டியிருக்கமாட்டேனா? பொணமாட்டம் கிடந்தாலும் விரல் இருந்துச்சே."

அக்கா பேனாவை எடுத்து மூடினாள்.

"கைநாட்டுக்கு அக்காவா இருக்க வெட்கமா இருந்துச்சா உனக்கு?"

"உன்னை அப்படி யாரும் சொல்லிடக்கூடாதுன்னுதான்..."

"சொல்றவங்க சொல்லட்டும். சிக்குன்னு சொன்னாங்க, நான் என்ன செத்தா போயிட்டேன்? நீ என்னை எடுத்துட்டு அந்தக் கட்டத்துல உன்னை உட்கார வெச்சுட்ட. அஞ்சு வருஷமா அந்தக் கோப்புல நான் இல்லவே இல்லக்கா."

அக்கா அழுதாள். தங்கை தேற்றவில்லை. போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். "நான் போய் உண்மையை எழுதிக் குடுத்துடறேன். ஆனா அட்டை போயிடும்டி."

"போனா போகட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல. போயிடும்னு தெரியும். அந்த வாலை மட்டும் என்னைப் போடச் சொல்லாத."

அன்று மத்தியானம் தங்கை பழைய அட்டையைப் பையிலிருந்து எடுத்து எதிரே நிறுத்திவைத்தாள். அதில் அவள் பெயர் அச்சில் இருந்தது. அக்கா எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பேனா டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, அச்செழுத்தைப் பார்த்துப் பொய்மீன் வந்த அட்டைப்பெட்டிகளின் உள்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். அக்கா அருகே வந்தபோது, "நீ துணி எண்ணப் போ" என்றாள்.

மார்ச் 19 காலை பத்தரைக்கு இருவரும் அலுவலகம் போனார்கள். குமாஸ்தா அவர்களை மேலதிகாரியின் அறைக்கு அனுப்பினார். அங்கே ஓர் அம்மாள், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தவர், அக்கா எழுதிக்கொண்டு வந்திருந்த இரண்டு பக்கத்தையும் படித்தார். ஒரு பிழை இல்லை, அடித்தல் திருத்தல் இல்லை.

"இவ்வளவு தெளிவா எழுதறவங்க இப்படிப் பண்ணலாமா?" என்று அக்காவிடம் கேட்டார். பிறகு தங்கையிடம் திரும்பினார். "அம்மா, புரிஞ்சுக்கோங்க. 2014 விண்ணப்பம் பொய்னு நீங்க வாக்குமூலம் குடுத்தா, அன்னியிலிருந்து இந்த அட்டை செல்லாது. எனக்கு வேற வழியில்ல. புதுசா விண்ணப்பிக்கலாம். வரிசையில முப்பத்தோராவது ஆளா இருப்பீங்க. வருஷக்கணக்கா ஆகும்."

"தெரியும்மா."

"பேசாம முன்ன மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"எனக்குத் தெரியுமே."

அதற்குப் பின் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். அட்டை அன்று மாலைக்குள் ரத்தானது. இனி அந்த அலுவலகத்தில் யாருக்காகவும் விண்ணப்பம் எழுதக்கூடாது என்று அக்காவுக்குத் தடை எழுதிக் கொடுத்தார்கள். தெருவில் இப்போது அவள் கதவை யாரும் தட்டுவதில்லை. தங்கை காலையில் ரீல் கடையில் மற்றவர்களுடைய ரீல்களைப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடுகிறாள். மத்தியானத்துக்கு மேல் அதே டப்பாத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறாள். அந்த இயந்திரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஸ்பின்னிங் ரீலைக் கடைக்காரரே திருப்பி எடுத்துக்கொண்டார். பெய்ட்காஸ்டரை அவள் வாரம் ஒருமுறை இறக்கி, நூலில் கைபடாமல் துடைத்துவைக்கிறாள். ஆகஸ்டில் ஒருநாள் அக்காவைக் கூப்பிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் கட்டைவிரலைக் காட்டினாள். வட்டத்துக்குள் வட்டமாக, மிக மெலிதாக, ரேகை திரும்பி வந்திருந்தது. இருவருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. வரிசையில் அவள் இப்போது இருபத்தொன்பதாவது ஆள்.

அந்த அறைக்குத் திரும்பவேண்டும். அதிகாரி இரண்டு தாள்களை முன்னால் வைத்தார். வாக்குமூலம் ஒன்று, புது விண்ணப்பம் ஒன்று. தாள்களோடு வந்திருந்த குமாஸ்தா பழக்கதோஷத்தில் மேசை மூலையில் கிடந்த பழைய மைப்பெட்டியை நகர்த்தினார். தங்கை அதைத் திருப்பி நகர்த்தினாள். பேனாவைக் கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே இடுக்கினாள். விறைத்த விரல் இரண்டும் கம்பின்மேல் படுப்பதுபோலப் பேனாவின்மேல் படுத்துக்கொண்டன. மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். அச்சில் இருப்பதுபோல, ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவே இடம் விட்டு, வால் இல்லாமல், ஐந்து எழுத்து. நான்கு நிமிடம் ஆயிற்று. அக்கா சுவர்க் கடிகாரத்தில் பார்த்தாள். இரண்டாவது தாளுக்கு மூன்று நிமிடம்.

கோப்பில் 2014 என்று இருப்பது பொய். தங்கை தன் பெயரை முதன்முதலில் தன் கையால் கையெழுத்தாகப் போட்டது 2019 மார்ச் 19, செவ்வாய்க்கிழமை.